பழைய நகையில் என்ன இருக்கிறது?

பொன் நகையை விரும்பாத வீடு நம் நாட்டில் உண்டா? குந்துமணித் தங்கமாவது இருக்க வேண்டும் என்று எண்ணாத தாய்மார்கள் அரிது. ஆனால் அந்த நகை பழையதாகிக் கடைக்கு விற்பனைக்குப் போகும்போது அதற்கு என்ன மதிப்பு, அந்த மதிப்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவன் என்ற முறையிலும், மூன்று தலைமுறையாகப் பொற்கொல்லர் பட்டறையில் உட்கார்ந்த குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் என்ற முறையிலும் இதைப் பற்றி எழுதலாம் என்று துணிந்தேன். ஆசிரியப் பெருமக்களும் நண்பர்களும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

உலகில் பழைய நகைகளுக்கு இருவகையான சந்தைகள் உள்ளன. ஒன்று நமக்குத் தெரிந்த சந்தை. தராசில் போட்டு, கழிவு நீக்கி, உருக்கினால் எவ்வளவு தேறும் என்று பார்ப்பது. மற்றொன்று நம் கண்ணில் அதிகம் படாதது. அங்கே நகையைத் திருப்பிப் பார்த்து, அதன் முதுகில் யார் பெயர் பொறித்திருக்கிறது என்று பூதக்கண்ணாடியால் தேடுகிறார்கள். பெயர் இருந்தால் தங்கத்தின் விலையைப் போலப் பல மடங்கு கொடுக்க ஆள் இருக்கிறது.

இந்த இரண்டாவது சந்தைக்குப் பேர்போன உதாரணம் பாரிஸ் நகரத்துக் கார்த்தியே நிறுவனம். 1847-இல் தொடங்கிய இந்த நிறுவனத்தின் குடும்பத்தைச் சேர்ந்த ஜாக் கார்த்தியே, 1911-ஆம் ஆண்டு டெல்லி தர்பாரையொட்டி இந்தியாவுக்கு வந்தார். நம் ராஜாக்களிடம் நகை விற்பதும், இங்கிருந்து கற்களும் முத்துக்களும் வாங்குவதும் அவருடைய நோக்கம். இலையாகவும் பூவாகவும் பழமாகவும் செதுக்கிய இந்திய மாணிக்கம், மரகதம், நீலம் ஆகியவற்றைக் கொண்டு அந்த நிறுவனம் 1920-களில் செய்த நகைகள் இன்றும் ஏலத்துக்கு வந்தால் செய்தியாகின்றன. அந்தக் கற்களைச் செதுக்கிய இந்தியக் கைகளின் பெயர் எந்த ஏலப் பட்டியலிலும் இல்லை.

பாட்டியாலா மகாராஜா பூபீந்தர் சிங்குக்காக 1928-இல் இதே நிறுவனம் செய்து முடித்த ஆரத்தின் கதை இன்னும் விசித்திரமானது. அதில் 2,930 வைரங்கள். நடுநாயகமாக 234.65 காரட் எடையுள்ள மஞ்சள் வைரம் ஒன்று. 1948-ஐ ஒட்டி இந்த ஆரம் காணாமற் போயிற்று. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1998-இல், லண்டனில் ஒரு பழங்கடையில் அதன் எலும்புக்கூடு கிடைத்தது. பெரிய கற்கள் எல்லாம் பெயர்த்தெடுக்கப்பட்டிருந்தன. ஆயினும் அந்த நிறுவனமே அதைத் திரும்ப வாங்கி, காணாமற் போன கற்களுக்குப் பதிலாக நகல் கற்களைப் பதித்துச் செப்பனிட்டது. கல் போன பின்னும் நகைக்கு மதிப்பு இருந்தது என்பதைக் கவனியுங்கள். நம் ஊர்க் கடையில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் சென்னையிலேயே பி. ஆர் அண்ட் சன்ஸ் இருந்தது. ஸ்காட்லாந்துக்காரரான பீட்டர் ஆர் என்ற கடிகாரக்காரர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய நிறுவனம் அது. மவுண்ட் ரோட்டு மணிக்கூண்டு பலருக்கு நினைவிருக்கும். கடிகாரத்தோடு அவர்கள் வெள்ளியிலும் தங்கத்திலும் ‘சுவாமி நகை’ என்ற ஒரு வகையைச் செய்வித்து விற்றார்கள். தகட்டில் தெய்வ உருவங்களைப் பின்புறமிருந்து தட்டிப் புடைத்தெடுக்கும் வேலை அது. பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரான இளவரசர் 1875-76-இல் இந்தியாவுக்கு வந்து போன பிறகு, இங்கிலாந்துச் சீமாட்டிகளிடையே இந்தச் சுவாமி நகைக்குப் பெரும் மோகம் பிறந்தது. இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்த நகைகளின் கீழ் எழுதியிருப்பது கடையின் பெயர். வேலை செய்தவர்கள் நம் கம்மாளர்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழலாம். மேல்நாட்டில் மட்டும் பட்டறைக்காரன் பெயர் தெரிகிறதா என்று கேட்கலாம். பிரான்சில் தெரிகிறது. 1797-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து அங்கே தங்க நகை செய்பவர் ஒவ்வொருவரும் சாய்சதுர வடிவ முத்திரைக்குள் தம் பட்டறையின் முதலெழுத்துக்களையும் ஓர் அடையாளத்தையும் பொறித்தாக வேண்டும். ஆகவே பெரிய நிறுவனத்துக்காகத் தெருமூலைப் பட்டறை ஒன்று செய்து கொடுத்த நகையில்கூட, எந்தப் பட்டறை என்று நூறு ஆண்டு கழித்தும் கண்டுபிடிக்கிறார்கள்.

நம்மிடம் அந்த வழக்கம் இல்லை. என் தந்தையார் பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் கோவைக்குப் போய்ச் செல்வபுரத்தில் ஒரு பட்டறையில் கூலிக்கு வேலை செய்கிறார். கடைக்காரர் தங்கம் தருவார். செய்து கொடுத்தால் கிராமுக்கு இவ்வளவு கூலி. முப்பது ஆண்டுகளில் அவர் செய்த வளையல்களும் ஆரங்களும் எத்தனை கழுத்தில், எத்தனை கையில் இருக்கின்றனவோ! அவருக்கே கணக்குத் தெரியாது. ஆனால் அவர் கையால் ஆனது என்று அடையாளம் காட்ட ஒரு புள்ளிகூட அவற்றில் இல்லை.

இனி நம் கொங்கு நாட்டின் பழைய பெருமையைச் சற்றுப் பார்ப்போம். சங்க இலக்கியமான பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்ற ஊர் கலன்களுக்குப் பெயர்பெற்றதாகச் சொல்லப்படுகிறது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலே அவ்வூர் என்பர் அறிஞர். 1985 முதல் பல கட்டங்களாக நடந்த அகழாய்வில் அங்கே கல்மணிப் பட்டறைகள் வெளிப்பட்டன. பாதி தேய்த்த மணி, துளையிடும்போது உடைந்த மணி, சில்லு, முழு மணி என எல்லா நிலையிலும் கிடைத்திருப்பதால் வேலை அங்கேயே நடந்தது என்பதில் சந்தேகமில்லை. கல்லறை ஒன்றில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சூதுபவள மணிகள்! சூதுபவளத்துக்கான கல் குஜராத் பக்கத்திலிருந்து வந்தது. பெரிலும் பளிங்கும் நீலமும் இங்கேயே கிடைத்தன.

பெரில் என்பது பெரிலியம், அலுமினியம், சிலிக்கன், ஆக்சிஜன் ஆகியவை சேர்ந்த கல். அதிலே துளி இரும்பு கலந்தால் கடல் நீல நிறம் பெற்று அக்வாமரின் ஆகிறது. துளி குரோமியம் கலந்தால் மரகதம் ஆகிறது. காங்கேயம் பக்கத்துப் படியூரில் இந்தக் கடல்நிறக் கல் கிடைத்தது. 1819-20-ஆம் ஆண்டுகளில் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே தோண்டி இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கற்களை எடுத்தார். சிவன்மலைப் பக்கம் குருந்தக் கல் உண்டு. மழை பெய்து ஓய்ந்ததும் காட்டில் மண் கழுவிப் போயிருக்க, கல் பொறுக்கப் போகும் வழக்கம் காங்கேயம், கரூர்ப் பக்கங்களில் அண்மைக்காலம் வரை இருந்தது.

ரோமாபுரி அறிஞர் பிளினி, கி.பி. 77-ஐ ஒட்டி முடித்த தம் இயற்கை வரலாற்று நூலில், பெரில் கற்கள் பெரும்பாலும் இந்தியாவில்தான் கிடைக்கின்றன என்று எழுதுகிறார். அவற்றை ஆறு பட்டையாகத் தீட்டுகிறார்கள் என்றும் சொல்கிறார். பெரில் இயற்கையிலேயே ஆறு பட்டைப் படிகமாக வளர்வது என்பது நமக்குத் தெரியும். இந்தியாவுக்கு ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் போய்விடுகிறதே என்று அவர் அங்கலாய்த்ததும் அதே நூலில்தான். போன காசில் ஒரு பகுதி எங்கே வந்தது என்று தேட வேண்டியதில்லை. கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் 1842-இலும் 1891-இலும் ஒவ்வொரு முறையும் ஐந்நூறுக்கு மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாக வெளிப்பட்டன.

ஆக, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உலகச் சீமாட்டிகளின் கழுத்துக்குக் கல் அனுப்பிய நாடு இது. அந்த மணிகளைச் செய்தவர் யார்? கொடுமணல் பானை ஓடுகளில் ஆட்பெயர்கள் ஏராளம். பானைக்குச் சொந்தக்காரன் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறான். மணிக்கு மேல் எழுத இடமில்லை.

பெருமை பேசியது போதும். கணக்குக்கு வருவோம்.

சென்ற ஆண்டு என் அக்காவின் செவிலியர் படிப்புக் கட்டணத்துக்காக, எங்கள் அப்பத்தாவின் கெம்பு அட்டிகையை விற்க வேண்டி வந்தது. 1970-களில் என் பாட்டனாரே தம் மனைவிக்கென்று செய்த அட்டிகை அது. 17 சிவப்புக் கற்கள். எடை சரியாக 16 கிராம். கோவையில் ஒரு கடையில் காட்டினோம். கடைக்காரர் கையில் வாங்கி ஒரு முறை தூக்கிப் பார்த்தார். "பழைய ஐட்டமுங்க. கல்லுக்கும் அரக்குக்கும் நாலு கிராம் போயிருமுங்க" என்றார். 12 கிராமுக்குத்தான் விலை. அதிலும் கழிவு தனி.

நாலு கிராம் என்று எப்படித் தெரிந்தது? கண் மதிப்புத்தான். பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்தால்தான் தெரியும் என்றால், பிரித்த பிறகு விலை பிடிக்கவில்லை என்று திரும்பி வரவும் முடியாது. இந்த இடத்தில்தான் ஆர்க்கிமிடிஸ் எனக்குத் துணைக்கு வந்தார்.

தத்துவம் நாம் பள்ளியிலேயே படித்ததுதான். தண்ணீரில் மூழ்கிய பொருள் தன் கன அளவுக்குச் சமமான தண்ணீரை விலக்குகிறது. தராசின் மேல் முகவையில் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, நகையை மெல்லிய நைலான் நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிட்டால், தராசு எத்தனை கிராம் கூடக் காட்டுகிறதோ அத்தனை கன சென்டிமீட்டர் நகையின் கன அளவு. ஒரு துளி சோப்பு நீர் சேர்த்தால் காற்றுக் குமிழ்கள் ஒட்டாது.

முதலில் என் தந்தையார் சம்மதிக்கவில்லை. பழைய வேலைப்பாட்டில் கல்லை மூடிய குழியில் அரக்கு வைத்துப் பதித்திருப்பார்கள். கல்லின் நிறம் எடுப்பாகத் தெரிய அடியில் பளபளக்கும் மெல்லிய தகடு ஒன்றும் இருக்கும். "சாமி, கல்லுக்கு அடியில தண்ணி போச்சுன்னா தகுடு கறுத்துப் போயிரும்" என்றார். பிறகு லென்ஸை வைத்து ஒவ்வொரு கல்லின் விளிம்பையும் பார்த்தார். ஆட்டம் கண்டிருந்த ஒரு கல்லைத் தவிர மற்றவை இறுக்கமாக இருந்தன. அந்த ஒன்றுக்கு மெழுகு வைத்து அடைத்து, "சித்த நேரம் முக்கி எடு, ஊற வெக்காதே" என்று அனுமதித்தார். ஆய்வகத்தில் எங்கள் ஆசிரியர் முன்னிலையில் மூன்று முறை எடுத்தேன். கன அளவு 1.40 கன சென்டிமீட்டர்.

இனி இரண்டு சமன்பாடுகள். சுத்தத் தங்கத்தின் அடர்த்தி 19.3. தாமிரத்தின் அடர்த்தி 8.96. 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், 2 பங்கு தாமிரம் என்று கொள்ளலாம். 22-ஐ 19.3-ஆல் வகுத்தால் 1.14. 2-ஐ 8.96-ஆல் வகுத்தால் 0.22. கூட்டினால் 1.36. 24-ஐ அதனால் வகுத்தால் 17.6. இதுவே நம் ஆபரணத் தங்கத்தின் அடர்த்தி. கெம்புக் கல் குருந்த வகை, அதன் அடர்த்தி 4. தங்க எடையும் கல் எடையும் சேர்ந்து 16 கிராம். தங்கத்தின் கன அளவும் கல்லின் கன அளவும் சேர்ந்து 1.40. தீர்த்தால் தங்கம் 13.46 கிராம், கல் 2.54 கிராம்.

பார்த்தீர்களா, நாலு கிராம் இரண்டரை ஆயிற்று என்று மகிழ்ந்து அப்பாவிடம் காட்டினேன். அவர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "அரக்கு எங்க?" என்று ஒரே கேள்வி.

அந்தக் கேள்வியின் ஆழம் பிறகுதான் விளங்கிற்று. அரக்கு எடை குறைவு, ஆனால் இடம் அதிகம் பிடிக்கும். அதன் அடர்த்தி ஏறத்தாழ 1.1 தான். ஆகவே சிறிதளவு அரக்குகூடக் கன அளவை ஏற்றிவிடும். அந்தக் கன அளவை நாம் கல்லின் கணக்கில் எழுதிவிட்டால் கல் எடை கூடும், தங்கத்தின் எடை குறையும். அரக்கைக் கல்லோடு சேர்த்து ஒரே வீச்சில் கழிப்பவர்கள் எல்லாரும் இந்தப் பிழையைத் தங்களுக்குச் சாதகமாகவே செய்கிறார்கள் என்று சொன்னால் வருத்தப்பட வேண்டாம்.

அரக்கை எப்படி அளப்பது? ஆட்டம் கண்டிருந்த அந்த ஒரு கல் கைகொடுத்தது. அப்பா அதை ஊசி முனையால் நெம்பி எடுத்தார். கல் 98 மில்லி. (பட்டறையில் மில்லிகிராமை இப்படித்தான் சொல்வார்கள்.) குழியிலிருந்த அரக்கைச் சுரண்டி எடுத்து நிறுத்தோம், 12 மில்லி. கற்கள் பதினேழும் ஏறக்குறைய ஒரே அளவு. 17 குழிக்கு அரக்கு சுமார் 200 மில்லி. இதைக் கணக்கில் சேர்த்துத் திரும்பத் தீர்த்தேன். அரக்கு 0.20 கிராம், அதன் கன அளவு 0.18. மீதி எடை 15.80, மீதிக் கன அளவு 1.22. விடை: தங்கம் 14.14 கிராம், கல் 1.66 கிராம். இப்போது ஒரு கல்லின் எடையை 17-ஆல் பெருக்கிப் பாருங்கள். 98 மில்லியைப் பதினேழால் பெருக்கினால் 1.666 கிராம். இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்ததைக் கண்டபோது உண்டான மகிழ்ச்சியைச் சொல்ல வார்த்தையில்லை.

கடைக்காரர் சொன்ன 12 கிராமுக்கும் இதற்கும் வித்தியாசம் 2 கிராமுக்கு மேல். அந்தத் தொகையில் நான் மூன்றாண்டும் இந்தக் கல்லூரிக்குக் கட்டணம் கட்டி, மீதியில் புத்தகமும் வாங்கலாம்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு மற்றொரு வியப்பு காத்திருந்தது. ராஜராஜ சோழனும் அவன் தமக்கை குந்தவையாரும் பிறரும் கோயிலுக்குக் கொடுத்த நகைகள் ஒவ்வொன்றும் அங்கே கல்லில் வெட்டப்பட்டுள்ளன. எத்தனை வைரம், எத்தனை மாணிக்கம், எத்தனை முத்து என்ற எண்ணிக்கையோடு, அரக்கு உட்பட எடை இவ்வளவு என்று தெளிவாகச் சொல்லப்படுகிறது. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எடை இறங்கிக்கொண்டே போகிறது. 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. 2 குன்றி ஒரு மஞ்சாடி. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்றொரு எடைக்கல், நகைகளை நிறுக்கத் தட்சிணமேருவிடங்கன் என்றொரு எடைக்கல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரக்கைத் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று தெரிந்திருந்தது!

என் கணக்கில் ஒரு கட்டாயம் உண்டு. தங்கம் 22 காரட் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். தரம் குறைந்தால் அடர்த்தியும் குறையும். 18 காரட் தாமிரக் கலவைக்கு அடர்த்தி 15 தான். ஆகவே முதலில் உரைகல். வழுவழுப்பான கறுப்புக் கல்லில் நகையை உரசி, பக்கத்தில் தரம் தெரிந்த தங்கத்தையும் உரசி, நைட்ரிக் அமிலம் ஒரு துளி விடுகிறார்கள். அமிலம் தாமிரத்தையும் வெள்ளியையும் கரைக்கும், தங்கத்தைத் தொடாது. எந்தக் கோடு எவ்வளவு மங்குகிறது என்று பார்த்து மாற்றுச் சொல்வார்கள். ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று நாம் மனிதர்களைப் புகழ்வது இதிலிருந்து வந்ததே. இப்போது எக்ஸ்-கதிர் இயந்திரம் வந்துவிட்டது. நகையின் மேல் கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி விடுகிறது, நிமிடத்தில் சதவிகிதம் திரையில் வருகிறது. ஆனால் அது மேற்பரப்பில் மிக மெல்லிய அடுக்கைத்தான் பார்க்கும். முலாம் பூசியதை அது மட்டும் நம்பிச் சொல்ல முடியாது. கன அளவு எடுப்பவன் உள்ளே இருப்பதையும் சேர்த்துப் பார்க்கிறான் என்பதில் ஆர்க்கிமிடிசுக்குத்தான் வெற்றி.

தரத்தைப் பற்றிப் பேசும்போது 1963-ஐ மறக்க இயலாது. சீனப் போருக்குப் பின், அந்த ஆண்டு ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றாயிற்று. 14 காரட் தங்கம் கெட்டியானது. நம் ஊர்க் கருவிகளுக்கும் பழகிய கைக்கும் வளையாது. வாங்குவோரும் இல்லை. நாடெங்கும் பொற்கொல்லர் குடும்பங்கள் அடுப்பணைத்த காலம் அது. என் பாட்டனார் அப்போது 23 வயது இளைஞர். மூன்றாண்டுக் காலம் நூற்பாலையில் கூலிக்குப் போனார் என்று அப்பத்தா சொல்வார். 1966-இல் அந்த 14 காரட் வரம்பு நீங்கியதும்தான் பட்டறைக்குத் திரும்பினார். 1968-இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை இருந்தது. அட்டிகை செய்த கை அந்தச் சட்டத்தின் கீழ் வேலை செய்த கை.

இப்போது ஹால்மார்க் முத்திரை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000-இல் இதைத் தொடங்கிற்று. 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. முன்பு நகையில் நான்கு அடையாளங்கள் இருந்தன. அவற்றில் கடைக்காரரின் அடையாளமும் ஒன்று. இப்போது மூன்று தான்: அமைவனத்தின் சின்னம், 916 போன்ற தர எண், ஆறு எழுத்து-எண்கள் கொண்ட தனிக் குறியீடு. 2023 ஏப்ரல் முதல் இந்தக் குறியீடு இல்லாமல் விற்கக் கூடாது. குறியீட்டைக் கைப்பேசிச் செயலியில் இட்டால் எந்தக் கடை, எந்தப் பரிசோதனை மையம் என்பது வரும். எந்தப் பட்டறை என்பது வராது. குந்தன், போல்கி, ஜடாவ் ஆகிய கல் பதித்த நகை வகைகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. மூடிய குழிக்குள் இருப்பதை அளக்கும் தொல்லை அரசாங்கத்துக்கும் உண்டு போலும்.

எங்கள் கதையை முடித்துவிடுகிறேன். கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு வேறொரு கடைக்குப் போனோம். அந்தப் பெரியவர் தாளை இருமுறை படித்தார். சிரித்தார். உரசிப் பார்த்து 22 காரட் என்று ஒப்புக்கொண்டார். பற்றுவைத்த இடங்களில் தரம் சற்றுக் குறையும் என்று ஒரு நியாயமான கழிவு சொல்லி 13¾ கிராமுக்கு விலை போட்டார். அப்பா சரி என்றார். அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. பாட்டனாரின் வேலைப்பாடு அன்று மாலையே உருக்கு மூசைக்குள் போயிருக்கும். அதற்கு எந்தத் தாளிலும் கலம் கிடையாது. கற்களுக்குக் கடையில் விலை இல்லை என்பதால் பதினேழையும் கேட்டு வாங்கிக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தோம். அக்கா இப்போது முதலாண்டு படிக்கிறாள்.

அந்தக் கற்களை ஆய்வக நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். பர்மாக் கெம்பு என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை இருந்தது. உள்ளே தெரிந்ததோ இசைத்தட்டில் காண்பது போன்ற வளைகோடுகளும், இரண்டொரு சிறு குமிழ்களும். மண்ணுக்குள் வளர்ந்த கல்லில் கோடுகள் நேராகவே இருக்கும். வளைந்திருந்தால் அது உலையில் பிறந்த கல்.

அகஸ்ட் வெர்னூயி என்ற பிரெஞ்சு வேதியியலார் 1902-இல் வெளியிட்ட முறை அது. அலுமினிய ஆக்சைடுத் தூளில் சிறிது குரோமியம் ஆக்சைடு கலந்து, ஹைட்ரஜன்-ஆக்சிஜன் சுவாலையின் ஊடே சிறுகச் சிறுகக் கொட்டுகிறார்கள். சுமார் 2050 டிகிரி வெப்பத்தில் தூள் உருகிக் கீழே ஒரு தண்டின் நுனியில் சொட்டுச் சொட்டாகப் படிந்து, பேரிக்காய் வடிவப் படிகமாகச் சில மணி நேரத்தில் வளர்கிறது. வளரும் முகப்பு வளைந்திருப்பதால் கோடும் வளைகிறது. இயைபில் இதற்கும் பர்மா மாணிக்கத்துக்கும் வேறுபாடே கிடையாது. அடர்த்தியும் அதே 4 தான். அதனால்தான் என் கணக்கு தப்பவில்லை.

நம்மில் பலர் அறியாத செய்தி, இந்த முறையில் செயற்கை ரத்தினம் செய்யும் இந்தோ-சுவிஸ் தொழிற்சாலை நம் மேட்டுப்பாளையத்தில் ஏற்பட்டது என்பது. பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து அதே சாலையில் போனால் வரும் ஊர். உலையில் வளர்த்த கல்லைப் பட்டை தீட்டுவதில் திருச்சிக்காரர்கள் வல்லவர்கள். அட்டிகைக் கற்கள் மேட்டுப்பாளையத்தில் வளர்ந்தவையா, சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவையா என்பதை வளைகோடு சொல்லாது. அப்பத்தாவிடம் பர்மாக் கல் அல்லவாம் என்றேன். "அவருக்குத் தெரியாமயா வெச்சிருப்பாரு? எனக்குச் செவப்பு புடிக்கும்னு வெச்சாரு" என்று சொல்லிவிட்டார்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. பழைய கல் நகையை விற்க நேரும் நண்பர்கள், விற்குமுன் எடையும் கன அளவும் எடுத்துக்கொள்ள விரும்பினால், செவ்வாய்க்கிழமை செய்முறை வகுப்பு முடிந்தபின் ஆய்வகத்தில் அளந்துகொள்ள எங்கள் ஆசிரியர் அன்புடன் இசைந்திருக்கிறார். வீட்டுப் பெரியவர் ஒருவர் உடன் வர வேண்டும். முத்தும் பவளமும் பதித்தவற்றைக் கொண்டுவர வேண்டாம், சோப்பு நீர் அவற்றுக்கு ஆகாது. கல் ஆடினால் முதலில் ஒரு பத்தரிடம் காட்டிவிட்டு வாருங்கள். எக்காரணம் கொண்டும் அழுக்குப் போகட்டும் என்று வெந்நீரில் போட்டுவிடாதீர்கள். அரக்கு இளகி, கல் கையோடு வந்துவிடும்.